தொழிலாளிக்குப் புத்தகம் எதற்கு?

(சிங்கப்பெருமாள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த வாசகர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



தலைவர் அவர்கள் நம்மைப் பற்றி அவசியத்துக்கு மேலேயே புகழ்ந்து விட்டார். அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் இரவு ஷிப்டுக்குப் போகவேண்டிய தோழர்களுடைய நேரம் வீணாகிவிடும். ஆதலால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

இந்தக் கூட்டத்துக்கு வருமுன் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கூட்ட நோட்டீசைக் கையில் வைத்திருந்த ஒரு வாலிபர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, கஷ்ட காலத்தில் புத்தகத்தால் மனத்திருப்தி அடைவது எப்படி என்று பேசப் போகிறீர்களாமே. நான் ஒரகடத்தில் காண்டிராக்டு வேலை செய்கிறேன். பதினோரு மாதத்துக்கு ஒரு தரம் வேலையை விட்டு நிறுத்தி மறுபடி சேர்க்கிறார்கள். ஒரு அறையில் ஆறு பேர் இருக்கிறோம். வாடகை ஏறுகிறது, அரிசி ஏறுகிறது, கூலி ஏறவில்லை. எனக்குத் திருப்தியாய் இரு என்று கோவில் வாசலில் புராணம் படிக்கிறவரும் சொல்கிறார், நீங்களும் சொல்ல வந்துவிட்டீர்கள். அவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

தோழர்களே, இது மிகவும் சரியான கேள்வி. நாம் கொண்டுவந்த பிரசங்கக் குறிப்பை அந்த டீக்கடையிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டோம். அந்த வாலிபருக்குப் பதில் சொல்லாமல் இங்கு வேறு எதைப் பேசினாலும் பிரயோஜனமில்லை என்று பட்டது. நாம் சொல்லுவதையும் நீங்கள் அப்படியே நம்ப வேண்டுவதில்லை. உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பார்த்து, ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் தள்ளி விடுங்கள்.

போதுமென்ற மனம் வேண்டும் என்கிற உபதேசம் நம் நாட்டில் வெகுகாலமாய் நடந்து வருகிறது. அதை யார் யாருக்குச் சொன்னார்கள் என்று கவனித்தால் அதன் யோக்கியதை விளங்கும். ஆயிரம் வேலி நிலம் வைத்திருந்தவனுக்கு இது போதும் என்று யாரும் சொன்னதில்லை. அவனுடைய பண்ணையில் கூழுக்கு வேலை செய்தவனுக்குத்தான் சொன்னார்கள். அவன் ஏன் என்று கேட்டால் பூர்வஜென்ம பலன் என்றார்கள். எப்போது தீரும் என்றால் அடுத்த ஜென்மத்தில் என்றார்கள். பசித்தவனைப் பசிக்கவில்லை என்று சொல்லப் பழக்குவதற்குத் திருப்தி என்று பெயர் வைத்தார்கள். அந்தத் திருப்தியைப் போதிக்க நாம் வரவில்லை. அந்த வாலிபர் கூலி ஏறவில்லை என்று கோபப்படுகிறாரே, அந்தக் கோபம் அவருக்குக் குறையவே வேண்டாம்.

அப்படியானால் புத்தகம் எதற்கு? இதற்கு வெகு தூரத்திலிருந்து ஒரு சங்கதி சொல்லுகிறோம். அமெரிக்கக் கண்டத்துக்குப் பக்கத்தில் கியூபா என்று ஒரு தீவு இருக்கிறது. சுருட்டுக்குப் பேர்போன இடம். அங்கே ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865ஆம் வருஷத்தில் ஒரு புது ஏற்பாடு நடந்தது. சுருட்டுச் சுற்றுவது கைக்குத்தான் வேலை, காதுக்கு வேலையில்லை. ஆகையால் தொழிலாளிகள் தங்களுக்குள் காசு வசூலித்து, ஒரு படிக்கத் தெரிந்த ஆளை நியமித்து, ஒரு மேடையில் உட்காரவைத்து, தாங்கள் சுருட்டுச் சுற்றும்போது அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பத்திரிகைகளும் படிப்பான், நாவல்களும் படிப்பான். கேட்டவர்களில் அனேகருக்கு எழுத்து வாசனையே கிடையாது. இருந்தாலும் பிரெஞ்சு தேசத்துக் கதைக்காரர்களுடைய பாத்திரங்களைப் பற்றிச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போல் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். மாண்டி கிறிஸ்டோ பிரபுவின் கதை அவர்களுக்கு அவ்வளவு இஷ்டம். பின்னால் அந்தப் பேரிலேயே ஒரு சுருட்டு விற்பனைக்கு வந்து இன்றும் விற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது மேலே நடந்ததுதான். மறு வருஷமே, 1866ல், அங்கே ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயின் சர்க்கார் இந்த வாசிப்பைத் தடை செய்தது. பிறகு மறுபடி தலையெடுத்தது. அந்தத் தொழிலாளிகளில் பலர் கடல் தாண்டி அமெரிக்காவில் டாம்பா என்கிற ஊருக்குப் போனபோது, வாசிப்பவனையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கும் 1931ல் முதலாளிகள் வாசிப்பவர்களை எடுத்துவிட்டு ரேடியோப் பெட்டியை வைத்தார்கள். அதற்காகத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். புத்தகம் மனிதனை இருப்பது போதும் என்று அடங்கிக் கிடக்கச் செய்யுமானால், முதலாளியே தன் காசில் வாசிப்பவனை வைத்திருக்க மாட்டானா? எண்ணெய் போடுகிற மாதிரி, மிஷினுக்கு ஒருவன் என்று புத்தகம் படிக்க ஆள் போட்டிருப்பானே! அவன் ஏன் பயந்தான்? கதை கேட்டுச் சந்தோஷப்பட்டவன் வேலை முடிந்ததும், நம்முடைய கதை மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பிக்கிறான். அதுதான் பயத்துக்குக் காரணம்.

இது கியூபாவில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்து மலையாள நாட்டில், கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கொட்டகைகளில், ஒருவர் பத்திரிகை படிப்பார், மற்றவர்கள் பீடி சுற்றுவார்கள். படித்தவருக்குக் கூலி நஷ்டப்படக் கூடாதே என்று மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து அவருக்குப் பீடி சுற்றிக் கொடுப்பார்கள். நம் தமிழ்நாட்டிலும் 1925ல் குடி அரசு ஆரம்பித்த காலம் முதற்கொண்டு எத்தனையோ ஊரில் டீக்கடைகளும் க்ஷவரக்கடைகளுமே பள்ளிக்கூடமாய் இருந்தன. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பத்திரிகையை இருபது பேர் காதால் படித்தார்கள். நமக்கே எழுத்தைக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் என்றாலும், படிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு சலூனில் முறை வருவதற்காகக் காத்திருந்த பெஞ்சிதான்.

நிற்க. இதைவிடக் கிட்டத்தில் நடந்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒரே ராத்திரியில் நாட்டைப் பூட்டினார்களே, அப்போது நாம் இதே ஊரில் ஒரு அறையில் ஐந்து தோழர்களோடு அகப்பட்டுக்கொண்டோம். இங்கே வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த நாட்கள் ஞாபகமிருக்கும். தொழிற்சாலை பஸ் வரவில்லை. ரயில் நின்றுவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் குறுக்கே படுத்துத் தூங்கலாம் போல் இருந்தது. எங்களை வேலைக்கு அமர்த்திய காண்டிராக்டருக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். ரேஷன் அரிசி இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் குழம்பு கொடுத்தார்கள். அதில்லாவிட்டால் எந்தப் புத்தகமும் எங்களைக் காப்பாற்றியிருக்காது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். கார்க்கியின் 'தாய்'. முன்பக்கம் பத்துப் பன்னிரண்டு தாள் கிழிந்து போயிருந்தது. செல்போன் ஆறு பேரிடமும் இருந்தது, ஆனால் நாலு நாளில் எல்லாருக்கும் அதைப் பார்த்தாலே பயம் வந்துவிட்டது. அதில் வருவதெல்லாம் சாவுக் கணக்கும் வதந்தியும்தான். ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தோம். முதல் நாள் கேட்டவர் இருவர். நாலாம் நாள் ஆறு பேரும் இருந்தார்கள், பக்கத்து மாடியிலிருந்தும் இருவர் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பையனுக்குத் தமிழ் தெரியாது. அவன் தினமும் படித்து முடிந்ததும், அந்தத் தாய்க்கு இன்று என்ன ஆயிற்று என்று கேட்பான். எங்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் கையாலும் கண்ணாலும் சொல்லுவோம். நாம் சொன்னதில் பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும். அவன் மனத்தில் கார்க்கி எழுதாத ஒரு கதை இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக நாள் முழுவதும் காத்திருந்தோம். அந்தச் சமயத்தில் எதிர்வீட்டு அம்மாள் கொடுத்தனுப்பும் டீ இருக்கிறதே, அதற்கு ஈடான டீயை நாம் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

புத்தகம் முடிவதற்குள்ளேயே ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து, யார் யாருக்கு எத்தனை நாள் கூலி பாக்கி என்று எழுதச் சொன்னார். எழுதினோம். மே மாதத்தில் ரோட்டில் நடமாட விட்டபோது எட்டுப் பேரும் ஒன்றாய்ப் போய்க் காண்டிராக்டர் வீட்டு வாசலில் நின்றோம். தனித்தனியே போன் செய்தபோது எடுக்காதவர் அன்று வெளியே வந்தார். பாதிப் பணம் கிடைத்தது. மீதி இன்றுவரை கிடைக்கவில்லை. கார்க்கியைப் படித்ததால் கூலி வந்தது என்று நாம் கதை கட்டவில்லை. எட்டுப் பேர் தினம் ஒரு மணி நேரம் ஒரு இடத்தில் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். அது மட்டும் நிச்சயம்.

சிறையில் படித்தவர்களையும் எழுதினவர்களையும் பற்றிச் சிலர் பெருமையாய்ச் சொல்லுவார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்களை 1908ல் தண்டித்து உள்ளே போட்டுச் செக்கிழுக்க வைத்தார்கள். 1912ல்தான் வெளியே வந்தார். அந்தச் சிறைவாசத்தில் ஜேம்ஸ் ஆலன் என்கிற ஆங்கில ஆசிரியருடைய புத்தகத்தை 'மனம் போல வாழ்வு' என்று தமிழில் செய்தார். நம்முடைய அபிப்பிராயத்தைக் கேட்டால், மனம்போலத்தான் வாழ்வு அமையும் என்கிற அந்தக் கொள்கையை நாம் முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டோம். அவரைச் செக்கில் பூட்டியது அவருடைய மனமா, வெள்ளைக்காரச் சர்க்காரா? ஆனால் பகலில் மாட்டுக்குப் பதிலாய்ச் செக்கைச் சுற்றி வந்த மனிதர், கையில் காகிதம் கிடைத்தபோது உட்கார்ந்து ஒரு வாக்கியத்துக்குச் சரியான தமிழ்ச்சொல் தேடினாரே, அந்த நேரத்தில் அவர் கைதியாய் இருந்திருக்க முடியாது. சர்க்காருக்குத் தெரியாமல் தினம் கொஞ்ச நேரம் விடுதலை எடுத்துக்கொண்டார் என்றுதான் நாம் அர்த்தம் செய்துகொள்ளுகிறோம்.

இனி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதுதான் முக்கியமான விஷயம். புத்தகம் படி என்று சொல்லுகிறவன் முதலில் படிக்க நேரம் எங்கே என்று சொல்ல வேண்டும். இந்த ரோட்டில் ஒரு மனிதனுடைய நாளைக் கணக்குப் பார்ப்போம். வேலை எட்டு மணி. பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டின் நெரிசலில் போய்த் திரும்ப மூன்று மணி. ஓவர்டைம் வந்தால் இன்னும் இரண்டு. குளிக்க, துவைக்க, சமைக்க இரண்டு. தூங்க ஏழு. மிச்சம் இரண்டு மணி. அதிலும் அறையில் விளக்கை அணை என்கிறவன் ஒருவன் இருப்பான், ஏனென்றால் அவனுக்கு வேறு ஷிப்டு.

எட்டு மணி வேலை என்பது கூட யாரும் தானமாய்க் கொடுத்ததல்ல. இந்தியாவில் முதல் முதலாக மே தினம் கொண்டாடியவர் சென்னையில் தோழர் சிங்காரவேலர். அது 1923ஆம் வருஷம் மே மாதம் 1ந் தேதி, கடற்கரையில். அவர் பெரிய புத்தகசாலையே வீட்டில் வைத்திருந்தவர், பின்னால் குடி அரசில் விஞ்ஞான விஷயங்களைத் தமிழில் எழுதியவர் என்பதை நீங்கள் மறக்கக்கூடாது. வேலை நேரத்துக்கு எல்லை கட்ட வேண்டும் என்று கடற்கரையில் பேசியவரும், புத்தகத்தை விடாமல் படித்தவரும் ஒரே ஆள்தான் என்பது தற்செயலல்ல என்று நாம் நினைக்கிறோம். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21ந் தேதி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடங்கொடுக்கும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்று எதிர்த்தன. பத்தே நாளில், மே தினத்தன்றே, அதை வாபஸ் வாங்குவதாக முதல் மந்திரி அறிவித்தார். அந்தப் பத்து நாளும் பேச்செல்லாம் கூலியைப் பற்றியும் உடம்பைப் பற்றியுமே நடந்தது. அது சரிதான். ஆனால் பறிபோக இருந்ததில் அந்த இரண்டு மணி நேரமும் அடங்கும் என்று யாராவது பேசினார்களா என்று பார்த்தோம், அதிகம் பேரைக் காணோம்.

சகோதரிகளுக்கு அந்த இரண்டு மணியும் கிடையாது. இதை ஆண் தோழர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். நீங்கள் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கும்போது உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறதா இல்லையா? அவளும் இன்று எலெக்ட்ரானிக் கம்பெனியில் எட்டு மணி நின்றுவிட்டு வந்தவள்தானே! உங்களுடைய மனத்திருப்தி அவளுடைய முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் பண்ணையார்த்தனம். இந்த ஊருக்கு அடுத்த செங்கல்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18ந் தேதிகளில் முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு கூடி, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சொத்துரிமைச் சட்டம் பின்னால் வந்தது. படிக்கிற நேரத்தில் சமபங்கு கொடுக்கச் சட்டம் வராது. நீங்கள்தான் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பேர் தங்கப் பெண் தொழிலாளர் விடுதி திறந்தார்கள். நல்ல காரியம், நாம் குறை சொல்லவில்லை. படுக்கை எத்தனை என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. புத்தகம் எத்தனை என்று எதிலும் நாம் பார்த்த ஞாபகமில்லை. அந்த விடுதிச் சகோதரிகள் யாராவது இங்கு இருந்தால் கூட்டம் முடிந்ததும் நமக்குச் சொல்ல வேண்டுகிறோம். இருக்கிறது என்றால் நாம் சந்தோஷத்தோடு திருத்திக்கொள்ளுவோம்.

சின்னச் சந்தோஷங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகுத்தறிவுக்காரன் என்றால் எந்நேரமும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நம்மவர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். இந்த ஜென்மம் ஒன்றுதான் என்று சொல்லுகிறவனுக்கல்லவா, இந்த ஜென்மத்து வேர்க்கடலை ருசியாய் இருக்க வேண்டும்! ஏரிக்கரையில் காற்று வாங்குவது, நண்பனோடு கேரம் ஆடுவது, பழைய பாட்டு ஒன்றைக் கேட்பது, மழைநாளில் சூடாய் ஒரு பஜ்ஜி, இவையெல்லாம் யாரையும் கெடுக்காது. இந்த ஊர்க் குகைக் கோவிலைக்கூட நாம் போய்ப் பார்த்தோம். சாமி கும்பிடவல்ல, ஒரே பாறையைக் குடைந்த கல்தச்சனுடைய கைவேலையைப் பார்க்க. அவன் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் சந்தோஷத்தை விற்கிற வியாபாரிகளும் இருக்கிறார்கள். சம்பள நாளன்று அவர்கள் கடை விளக்குத்தான் ரொம்பப் பிரகாசம். செல்போனில் ரம்மி ஆடச் சொல்லுகிறவன், வட்டிக்கு வாங்கிக் காதுகுத்து நடத்தச் சொல்லுகிறவன், சாராயக் கடைக்காரன், எல்லாரும் ஒரு ஜாதி. இவர்களிடம் வாங்கியது மறுநாள் காலையில் கடனாய் நிற்கும். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. படித்தது மட்டும் உங்களிடம் இருக்கும், அதை யாரும் கேட்டு வாங்க முடியாது.

2014 நவம்பர் முதல் தேதியோடு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா மூடினார்கள். 2022 ஜூலையில் நம் பக்கத்து மறைமலை நகரில் போர்டு கம்பெனியில் அப்போதைக்குக் கடைசிக் கார் வெளியே வந்தது. எத்தனை ஆயிரம் குடும்பம் என்று உங்களுக்கே தெரியும். அப்படி வேலை போனவனிடம் போய்ப் புத்தகம் படி என்று சொன்னால் அடிக்க வருவான். நியாயந்தான். அவனுக்கு முதலில் நஷ்டஈடும் வேறு வேலையும் வேண்டும். ஆனால் காலையில் எழுந்து போக இடமில்லாமல், வீட்டில் இருக்கவும் வெட்கப்பட்டு ரோட்டில் சுற்றுகிறானே, அவனுக்குப் பத்து மணிக்குப் போய் உட்கார, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்காத ஒரு நாற்காலி எந்த ஊரிலும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது பொது நூலகம்.

அந்த நூலகம் தர்மச் சத்திரமல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவிலேயே முதலாவதாக நூலகச் சட்டம் செய்தது நம் சென்னை மாகாணம்தான், 1948ல். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கிறார்கள். நாம் வீட்டுக்காரரல்லவே என்று சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகையில் இருக்கிறது. காசு கொடுத்துவிட்டுச் சாமானை வாங்காமல் வருகிற புத்திசாலியை நாம் வேறு எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

நூலகம் திறந்திருக்கும் நேரமும் நம் ஷிப்டும் ஒத்துவரவில்லை என்பீர்கள். வாஸ்தவம். அதற்கும் ஒரு வழி சொல்லுகிறோம். 1931ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்கிற பெரியவர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி, கிராமம் கிராமமாய் அனுப்பினார். நூலகத் துறைக்கே வழிகாட்டியாய் விளங்கிய எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்கள் வந்து அதை ஆரம்பித்து வைத்தார். ஆள் புத்தகத்திடம் வர முடியாவிட்டால் புத்தகம் ஆளிடம் போகட்டும் என்பதுதான் அதன் தத்துவம். அன்றைக்கு மாட்டுவண்டிதான் இருந்தது. இன்றைக்கு இந்த முக்கு ரோட்டில் நின்றுகொண்டு எண்ணிப் பாருங்கள், ஒரு ஷிப்டுக்கு எத்தனை கம்பெனி பஸ் ஒரகடம் பக்கம் திரும்புகிறது! ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி வைக்க இடமில்லையா? இருபது புத்தகம் போதும். அதில் நாலு இந்தியிலும், நாலு ஒடியாவிலும், இரண்டு வங்காளத்திலும் இருக்கட்டும். மூன்று மணி நேரப் பிரயாணத்தில் உட்கார இடம் கிடைத்தவன் படிக்கட்டும். தூக்கம் வந்தால் தூங்கட்டும், அதிலும் தப்பில்லை. இதைத் தொழிற்சங்கங்கள் போனஸோடு சேர்த்துக் கேட்க வேண்டும். கம்பெனிக்காரர் இதிலென்ன லாபம் என்று கேட்பார். கியூபாவைப் பற்றி அவரிடம் சொல்லாதீர்கள்.

அந்த டீக்கடை வாலிபர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். நமது பதில் அவருக்குச் சரியாகப் படாவிட்டால் எழுந்து சொல்லலாம், அதற்காகத்தான் கூட்டம். இவ்வூர்த் தோழர்கள் மேஜைமேல் முப்பத்திரண்டு புத்தகம் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கல்ல. நோட்டில் பேரெழுதி எடுத்துக்கொண்டு போய், அடுத்த கூட்டத்தன்று திருப்பிக் கொடுக்க வேண்டியது. முன்பக்கம் கிழிந்த 'தாய்' ஒன்றும் அதில் இருக்கிறது. அது நம்முடையது. ஒடிசாப் பையன் ஊருக்குப் போகும்போது அதற்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். இரவு ஷிப்டு பஸ் வந்து ஹார்ன் அடிக்கிறது. அதில் போகிறவர்கள் முதலில் வந்து எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் கொஞ்சம் வழி விடுங்கள்.